எச்சரிக்கை போன வழி

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதியை மறந்த கத்தோலிக்கக் குடும்பம் இலங்கையில் இராது. உயிர்த்த ஞாயிறுத் திருப்பலிக்குப் புத்தாடை அணிந்து சென்றவர்கள் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டுக்கு இரையாகினர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சின்னஞ்சிறார் பலர் மாண்டனர். கொழும்பு ஹோட்டல்களில் இறந்தோரையும் சேர்த்தால் 260க்கு மேற்பட்ட உயிர்கள். ஆண்டுதோறும் அவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். அது நம் கடன். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. இது வரப்போகிறதென்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் ஏன் நடந்தது?

ஏப்ரல் 4ஆந் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அரச புலனாய்வுச் சேவை அதனை தேசிய புலனாய்வுத் தலைவருக்கு அறிவித்தது. அவர் 9ஆந் திகதி பொலிஸ் மா அதிபருக்கு எழுதினார். அதில் குழுத் தலைவனின் பெயர் இருந்தது; கத்தோலிக்க ஆலயங்கள் இலக்காகலாம் என்றும் இருந்தது. 11ஆந் திகதி பொலிஸ் உயரதிகாரி ஒருவர் அதனைப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அனுப்பினார். பெரிய ஆலயங்களுக்குப் போகவேண்டாமெனத் தம் தந்தை எச்சரித்ததாக அமைச்சர் ஒருவரே பின்னர் சொன்னார். அந்தத் தந்தைக்கு எட்டிய செய்தி, திருப்பலி ஒப்புக்கொடுத்த குருவானவருக்கு எட்டவில்லை!

ஜனாதிபதியோ தமக்குத் தெரியாது என்றார். பிரதமரும் அவ்வாறே சொன்னார். 2018 அக்டோபரில் இருவருக்குமிடையே மூண்ட பிணக்கின் பின், பிரதமர் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவேயில்லை. வீட்டுப் பெரியவர்கள் முகம் பாராதிருந்தால் பிள்ளைகள் பாடு என்னவாகும் என்று நம் அம்மாமார் சொல்வார்கள். இங்கே வீடு முழுநாடு.

வகுப்பறையிலும் இது நடப்பதுதான். மாடிப்படியில் எண்ணெய் சிந்திக் கிடக்கிறதென்று ஒருத்தி வகுப்புத் தலைவியிடம் சொல்வாள். அவள் துண்டுக் காகிதத்தில் எழுதி ஆசிரியையின் மேசையில் வைப்பாள். அது கொப்பிகளுக்கு அடியில் போய்விடும். சிறுமியொருத்தி வழுக்கி விழுந்த பின், "நான் சொன்னேன்தானே" என்பாள் ஒருத்தி. "நான் எழுதி வைத்தேன்தானே" என்பாள் மற்றவள். இருவரும் சொல்வது உண்மையே. படியைத் துடைத்தவர்தான் எவருமில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி விமானங்களைக் கடத்தியோரில் இருவரைப் பற்றி அமெரிக்காவின் சீ.ஐ.ஏ. 2000ஆம் ஆண்டிலேயே அறிந்திருந்தது. ஆனால் உள்நாட்டில் அவர்களைத் தேடவேண்டிய எப்.பி.ஐ. தேடத் தொடங்கியபோது 2001 ஆகஸ்ட் பிற்பகுதி ஆகிவிட்டது. பணமும் கணினியும் குறைந்த நாடா அது?

புலனாய்வாளர் இரகசியம் காக்கவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வாய் தவறினால் தகவல் தந்தவனின் உயிரே போய்விடும். ஆயினும், தகவல் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துக்கொண்டே, "இவ்வாரம் ஆலய வாயிலில் காவல் போடுங்கள்" என்று பங்குத்தந்தைக்குச் சொல்ல முடியாதா? அப்படிச் சொல்ல இரண்டு வாரத்திற்கு மேல் அவகாசம் இருந்ததே!

குண்டுவெடிப்பின் பின், எல்லோரையும் இன்னும் கூர்ந்து கண்காணிக்கவேண்டும் என்ற குரலே ஓங்கியது. பாடசாலை வாயிலில் எங்கள் புத்தகப் பைகளும் சாப்பாட்டுப் பெட்டிகளும் திறந்து பார்க்கப்பட்டன. பைகளைப் பார்த்ததில் எனக்குக் குறையில்லை. தாய்மார் நெஞ்சிலும் சற்று ஆறுதல் பிறந்தது. ஆனால் ஏப்ரலில் குறைந்திருந்தது தகவலல்ல. அதைக் கையில் வைத்திருந்தவரையும் காவல் போடவேண்டியவரையும் இணைக்கும் வழியே அடைபட்டிருந்தது. ஊரார் எல்லோரையும் பற்றி மலைபோலத் தகவல் குவித்தாலும் அந்த வழி திறந்துவிடாது.

நம் முஸ்லிம் அயலவருக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடலாகாது. அந்தக் குழுவின் தலைவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்னதாகப் பொலிசில் முறையிட்டிருந்தார்கள். 2017இல் அங்கு நடந்த கைகலப்பின் பின் அவனைப் பொலிசார் தேடவும் செய்தனர். அவன் அகப்படவில்லை. 2019 மே மாதத்திலோ குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் அவர்களுடைய கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவனைப் பற்றிய தகவல் உரிய இடத்தில் பயன்படாமற் போனதால், சந்தேகம் ஒரு சமூகத்தின் தலையிலேயே விழுந்தது. முறையிட்டவர்களும் அதற்குள் அகப்பட்டனர்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் குருக்களும் உயர் நீதிமன்றம் சென்றனர். ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12ஆந் திகதி தீர்ப்பளித்தனர். முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 7½ கோடியும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடியும், முன்னாள் தேசிய புலனாய்வுத் தலைவர் 1 கோடியும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்தவேண்டும் என்றனர். இவர்களுள் எச்சரிக்கையை எழுதி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். கடிதத்தை அடுத்தவருக்கு அனுப்பியதோடு தம் கடமை முடிந்தது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.