ஒளியைத் திருப்பி அனுப்பாத கண்



உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, விளக்கிற்கு நேராய்ச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு சாயல் தெரிந்தால், கூச்சத்தைக் குறைக்கும் மெல்லிய பூச்சு அதில் உண்டென்று அறியலாம். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இது அற்பமன்று. பத்துக் கண்ணாடிகளை அடுக்கிய காமிரா லென்ஸில் பூச்சு இல்லாவிட்டால் பாதிக்கு மேற்பட்ட ஒளி உள்ளே போய்ச் சேராது. பூச்சோ எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் அடக்குவதில்லை. நீங்கள் கண்ட சாயல் அதற்குத் தப்பிவந்த மிச்சமே.

இரவில் பறக்கும் அந்துப்பூச்சிக்கு இது ஜீவனுக்கடுத்த காரியம். நட்சத்திர வெளிச்சத்தில் பூவைத் தேடுகிற அது ஒளியை வீணாக்க இயலாது. பகலில் மரப்பட்டையில் ஒளிந்திருக்கையில் கண் மினுங்கினாலோ, பறவை கண்டுகொள்ளக்கூடும்.

1962-ல் பெர்ன்ஹார்ட், மில்லர் என்னும் ஆய்வாளர்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தாங்கள் கண்ட அதன் கண்ணின் மேற்பரப்பை விவரித்தார்கள். அது வழவழப்பாய் இல்லை. எண்ணிறந்த சிறு மேடுகள் ஒழுங்காய் நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 5,000 மேடுகள் அடங்கும். அவை ஒளியின் அலைநீளத்திலும் சிறியவை. துறைமுகச் சுவரில் மோதும் அலை திரும்பி வருகிறது. சரிவான மணற்கரையில் ஏறும் அலையோ ஓய்ந்துபோகிறது. அவ்விதமே காற்றுக்கும் கண்ணுக்கும் நடுவே இம்மேடுகள் ஒரு சரிவாய் அமைவதால், ஒளி திடீரென்று மோதித் திரும்பாமல் உள்ளே செல்லுகிறது.

1973-ல் இங்கிலாந்தில் கிளாப்ஹாம், ஹட்லி என்னும் இருவர் லேசர் ஒளியைக்கொண்டு இப்படிப்பட்ட மேடுகளைச் செயற்கையாய் உண்டாக்கிக் காட்டினார்கள். 2008-ல் கேனன் நிறுவனம் இதே முறையைக் காமிரா லென்ஸில் பயன்படுத்தியது. ஆனால் உள்ளேயிருக்கும் கண்ணாடியில்தான். வெளிப்புறத்தில் விரல் பட்டால் மேடுகள் சிதையும், எண்ணெய்ப்பசை இடைவெளிகளை நிரப்பிவிடும். அந்துப்பூச்சியின் கண்ணை ஒருவரும் சட்டை நுனியால் துடைப்பதில்லை அல்லவா! மெருகிட்ட சிலிக்கான் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறபடியால், சூரிய மின்தகடுகளுக்கும் இம்முறையைப் பொருத்த அநேகர் உழைக்கிறார்கள்.

இவ்வளவு கருத்தாய் ஒளியைச் சேர்க்கும் பூச்சிக்கு நம்முடைய விளக்கே கண்ணியாகிறது. அது விளக்கின்மேல் ஆசைகொண்டு வருகிறதென்றே நெடுங்காலமாய்ச் சொல்லிவந்தோம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் அதிவேகக் காமிராக்களால் படம்பிடித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாய்க் காட்டுகிறது. இரவிலும் வானமே பூமியைவிட வெளிச்சமாயிருப்பதால், பூச்சி தன் முதுகை ஒளிக்கு நேராகத் திருப்பியே மேல் எது, கீழ் எது என்று அறிகிறது. வாசல் விளக்கருகே வந்ததும் அதற்கே முதுகைக் காட்டி, வெளியேற வழியின்றிச் சுற்றுகிறது. விளக்கு கீழேயிருந்து மேல்நோக்கி எரிந்தால், மல்லாந்து தரையில் விழுகிறது.