நலிந்த கம்பெனியும் நம்பிக்கைப் பங்குதாரரும்

கைப்பொருளை ஒரு கம்பெனியின் பங்கில் இட்டவர், அக்கம்பெனி நலிவுற்ற காலத்து அதனைப்பற்றி வாதிடக் கேட்டல் ஒருவகைக் கல்வியாகும். நிலைபெற்ற பெரிய ஆலையொன்றின் பங்கை வைத்திருப்பவர் அதனை நாடோறும் நினைப்பதில்லை. புதுக் கருவி செய்யப் புறப்பட்ட சிறு கம்பெனி இடர்ப்படுமாயின், அதன் பங்குதாரர் உறக்கமிழந்து இரு கட்சியாகப் பிரிவர். “சரக்கு உயர்ந்தது, உலகம் அதனை இன்னும் அறிந்திலது, பொறுத்திருப்பின் பன்மடங்காம்” என்பர் ஒரு சாரார். “கையிருப்புக் கரைகின்றது, கிடைத்ததைக் கொண்டு விலகுக” என்பர் மற்றொரு சாரார். நம் மாணவர் பலர் கைப்பேசி வாயிலாகவே பங்குகளை வாங்கவும் விற்கவும் வல்லராயுள்ள இந்நாளில் இவ்வழக்கை ஆராய்தல் தகுதியுடைத்து. கம்பெனி செய்யும் பொருள் வேறு, கம்பெனி வேறு, அதன் பங்கு வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி வாதிடுதலே இரு சாரார்க்கும் பொதுவான மயக்கமென்பது எமது கருத்து.

இதற்குச் சான்றாக இங்கிலாந்து தேசத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தோன்றிய ஏகார்ன் கணிப்பொறிக் கம்பெனியின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஹெர்மன் ஹௌசர், கிறிஸ் கரி என்னும் இருவர் 1978ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். பி.பி.சி. ஒலிபரப்பு ஸ்தாபனத்தார் பொதுமக்கட்குக் கணிப்பொறிக் கல்வி புகட்ட முயன்றபோது, அதற்குரிய பொறியைச் செய்யும் பேறு இக்கம்பெனிக்கு வாய்த்தது. 1981ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அப்பொறி பள்ளிக்கூடந்தோறும் புகுந்தது. பதினைந்து இலட்சத்துக்கு மேல் விற்றது. 1983இல் கம்பெனியின் பங்குகள் லண்டன் சந்தைக்கு வந்தன. அதன் மதிப்பு உச்சத்தில் ஏறக்குறைய 19 கோடிப் பவுனாயிற்று.

வீழ்ச்சி வந்த வழி கருதத்தக்கது. 1983இல் ‘எலெக்ட்ரான்’ என்னும் மலிவான பொறியொன்றைக் கம்பெனியார் வெளியிட்டனர். அதற்கு இன்றியமையாத சில்லு போதிய அளவிற் கிடையாமையால், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் வாங்குவோர் பலர் வெறுங்கையுடன் திரும்பினர். அக்குறையை நீக்கக் கருதி அடுத்த ஆண்டுக்குப் பெருந்தொகையான பொறிகளைச் செய்வித்தனர். 1984ஆம் ஆண்டிலோ வீட்டுக் கணிப்பொறி வாங்கும் வேகம் தணிந்தது. இரண்டரை இலட்சம் பொறிகள் விலைபோகாது கிடங்கில் தங்கின. செய்கூலி கொடுத்தாயிற்று, கிடங்கு வாடகையும் கொடுக்கவேண்டும், வரவோ இல்லை. சரக்கு நன்று, பெயரும் பெரிது. ஆயினும் சம்பளநாள் அவற்றிற்காகக் காத்திராது. சிறு கம்பெனிகள் பெரும்பாலும் அறிவுக்குறைவால் இறப்பதில்லை. கையில் ரொக்கம் அற்றே இறக்கின்றன.

1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இத்தாலியத் தேசத்து ஒலிவெட்டிக் கம்பெனியார் 1 கோடியே 20 இலட்சம் பவுன் கொடுத்து நூற்றுக்கு 49.3 பங்கினைக் கைக்கொண்டனர். அது போதாதாக, அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ எண்பதாயிற்று. ஏனையோர் அனைவர்க்கும் எஞ்சியது ஐந்திலொரு பங்கே. “கம்பெனி பிழைக்கும்” என்று வாதிட்டவர் வாக்குப் பொய்க்கவில்லை, கம்பெனி பிழைத்தது. பிழைத்த கம்பெனியிற் பழைய பங்குதாரர்க்கு உரியதுதான் சுருங்கிவிட்டது.

அவ்விரு கைமாற்றங்கட்கும் இடையே, 1985 ஏப்ரல் 26ஆம் நாள், அதே கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு சிறு சில்லு முதன்முதல் இயங்கியது. ஸோபி வில்ஸன், ஸ்டீவ் பர்பர் என்போர் வகுத்த அதற்கு ‘ஆர்ம்’ என்று பெயர். 1990ஆம் ஆண்டு நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், வி.எல்.எஸ்.ஐ. டெக்னாலஜி ஆகிய மூன்று கம்பெனிகளும் கூடி, அதனை வளர்க்கத் தனிக் கம்பெனி ஒன்றை நிறுவின. ஏகார்ன் அதற்கு ஈந்த செல்வம் பன்னிரண்டு பொறியியலாளரே. அக்கம்பெனி சில்லுகளைத் தானே செய்து விற்கவில்லை; அவற்றின் அமைப்பினைப் பிறர்க்கு உரிமைக் கட்டணத்துக்கு அளித்தது. ஆதலின் விலைபோகாத சரக்குக் கிடங்கில் தேங்கும் நோய் அதனை அணுகவில்லை. கைப்பேசி பரவப் பரவ அதன் செல்வமும் பெருகிற்று.

இனி, நம் வழக்கிற்கு உயிரான பகுதிக்கு வருவோம். 1998 ஏப்ரலில் ஆர்ம் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. அப்போது ஏகார்ன் தன் கணிப்பொறித் தொழிலில் நலிந்திருந்தது; ஆயினும் அதன் பெட்டியில் இருந்த ஆர்ம் பங்குகளின் விலை, ஏகார்ன் கம்பெனி முழுவதற்கும் சந்தை இட்ட விலையினும் மிகுதியாயிற்று. நூறு பணமுள்ள பணப்பையைப் பையோடு எண்பது பணத்துக்கு விற்பது போன்ற விந்தை இது. இதற்குக் காரணமும் உண்டு. ஏகார்ன் அப்பங்குகளை நேரே விற்குமாயின் பெருவரி செலுத்தவேண்டும். விற்காது வைத்திருப்பினோ நலிந்த தொழில் அவற்றை அரித்துவிடும் என்ற அச்சம் இருந்தது. 1998 செப்டம்பரில் புதிய கணிப்பொறியை வெளியிடும் ஏற்பாட்டைக் கம்பெனியார் கைவிட்டனர். அதனை ஆவலுடன் எதிர்நோக்கியிருந்த அன்பர் வருந்தினர். 1999இல் மார்கன் ஸ்டான்லி டீன் விட்டர் என்னும் நிதி நிறுவனத்தார் ஏகார்னை வாங்கினர். பங்குதாரர்க்கு ஐந்து ஏகார்ன் பங்குக்கு இரண்டு ஆர்ம் பங்கு கிடைத்தது. பின்னர் 2016ஆம் ஆண்டில் ஜப்பானியச் சாப்ட்பேங்க் நிறுவனம் ஆர்ம் கம்பெனியை 2,430 கோடிப் பவுனுக்கு வாங்கிற்று.

இவ்வழக்கில் வென்றவர் யாவர்? “ஏகார்ன் கணிப்பொறி உலகை வெல்லும்” என்றவர் தோற்றனர், அப்பொறி ஒழிந்தது. “இக்கம்பெனிக்கு எதிர்காலமில்லை, ஆதலின் பங்கை விற்றுவிடுக” என்றவரும் தோற்றனர். கம்பெனி மறைந்தது மெய்யே. பங்கிற்குப் பயன் கிடைத்ததும் மெய்யே. கணக்கேட்டைத் திறந்து, கடனும் உடைமையும் எவையெவை என்று எண்ணிப் பார்த்தவரே இரண்டையும் பிரித்தறியக்கூடியவராயிருந்தனர்.

இச்சரித்திரத்தைப் படித்து, நலிந்த கம்பெனியிலெல்லாம் ஒரு புதையல் உண்டென்று எண்ணுதல் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதை ஒக்கும். அக்காலத்திலேயே வேல்ஸ் நாட்டு டிராகன் டேட்டா 1984இலும், ஓரிக் 1985இலும் கடனாளராற் கையகப்படுத்தப்பட்டன. புகழ் வாய்ந்த சின்க்ளேர் தன் கணிப்பொறித் தொழிலை 1986இல் ஆம்ஸ்ட்ராட் கம்பெனிக்கு 50 இலட்சம் பவுனுக்கு விற்றது. அவற்றின் பெட்டிகளில் ஆர்ம் இல்லை. பிழைத்தவன் கதையை ஊரார் பேசுவர். முதலுக்கே மோசம் போனவன் கதையை அவன் வீட்டாரே அறிவர்.

ஆகவே, பங்கு வாங்கும் நண்பர் தம்மைத்தாமே கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. முதலாவது, கையிலுள்ள ரொக்கம் எத்தனை மாதச் செலவுக்குப் போதும்? இரண்டாவது, புதுப் பணம் கொண்டு ஒருவன் வந்து கம்பெனியைக் காப்பானாயின், காத்தபின் நமக்கு எஞ்சுவது எவ்வளவு? மூன்றாவது, என்ன நேர்ந்தால் நம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வோம்? இம்மூன்றாவதற்கு விடையில்லாதவர் வைத்திருப்பது பங்கன்று, பற்றேயாம். அவர் தம்மோடு ஒத்த கருத்தினரையே நாடுவர். ஐயம் எழுப்புவோரைப் பகைவரென்பர். நாம் இன்ன விலைக்கு வாங்கினோமென்று நினைந்து நினைந்து இருப்பர். நாம் வாங்கிய விலையைச் சந்தை அறியாது, அறிந்தாலும் இரங்காது.

இதனாற் புதுத்தொழிலிற் பொருளிடுதல் தகாதென்று யாம் கூறவில்லை. அங்ஙனம் இடுவார் இல்லாவிடிற் புதுமை தோன்றாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. இழந்தால் உணவும், தங்கையின் திருமணமும், தந்தையின் மருந்தும் குறைபடாத அளவே அளவு. ஒரு கருவியை விரும்புவோர் அதனை வாங்கிப் பயன்கொள்க. அதனைச் செய்யும் கம்பெனியின் பங்கை விரும்புவோர் அதன் கணக்கை வாங்கிப் படிக்க. ஒன்றைச் செய்து மற்றதையும் செய்துவிட்டதாக எண்ணாதிருத்தலே, பங்குச் சந்தைக்குச் செல்லும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் யாம் சொல்லக்கூடிய புத்தி.