வெட்கத்தை வாசல்லயே விட்டுடுங்க!

“இதை யார்கிட்ட கேட்கிறதுன்னே தெரியல அக்கா. கேட்டா சிரிப்பாங்க. அதான் உங்களுக்கு எழுதறேன். பேரு போட வேணாம், திருப்பனந்தாள்னு மட்டும் போட்டுக்குங்க.”

நோட்டுல இருந்து கிழிச்ச ரெண்டு பேப்பர். முன்னும் பின்னும் நுணுக்கி நுணுக்கி எழுதின கையெழுத்து. எழுதினது, தினமும் பஸ்ல கும்பகோணம் போய் டிகிரி படிக்கிற பொண்ணு. அவளோட அக்காவுக்கு எட்டாம் மாசம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிஞ்சு, கை நிறைய கண்ணாடி வளையலோட தாய்வீட்டுக்கு வந்தாச்சு. அம்மா விதவிதமா சமைச்சுப் போடறாங்க. ஆனா அக்கா சரியா சாப்பிடறதில்லை. என்னன்னு தங்கச்சி நோண்டி நோண்டிக் கேட்டதுல, ஒருநாள் ராத்திரி மொட்டைமாடியில உண்மை வெளியே வந்திருக்கு.

“வலிகூட பரவாயில்லடி. முக்கும்போது ரெண்டுக்குப் போயிட்டா என்ன பண்றது? அத்தனை பேரு சுத்தி நிப்பாங்களாமே... திட்டுவாங்களாமே... காத்து பிரிஞ்சாக்கூட மானம் போயிடுமே!”

இதோட நிக்கல. அக்கா ஒரு திட்டமே போட்டு வெச்சிருக்காளாம். வலி ஆரம்பிச்சதும் சாப்பாட்டை நிறுத்திடறது. லேபர் வார்டுல வயித்தைக் கலக்கினா, யார்கிட்டயும் மூச்சு விடாம பாத்ரூமுக்கு ஓடிட்டு வந்துடறது.

தங்கச்சி, அந்தத் திட்டத்தைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மானத்தைக் காப்பாத்த அக்கா போட்டிருக்கிற திட்டம், குழந்தைக்கே ஆபத்தா முடியலாம். அதனால இந்த வாரம் முழுப் பக்கமும் உங்க அக்காவுக்குத்தான். பசங்களா, ‘இது லேடீஸ் மேட்டர்’னு பக்கத்தைப் புரட்டாதீங்க. நாளைக்கு லேபர் வார்டு வாசல்ல நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கப் போறது நீங்கதான்!

முதல்ல, இது ஏன் வருதுன்னு பார்ப்போம். குழந்தை வெளியே வர்ற பாதைக்கு நேர் பின்னால, ஒரு மெல்லிய சுவர் தள்ளி இருக்கிறது மலக்குடல். முன்னால மூத்திரப்பை. மூணும் பக்கத்துப் பக்கத்து வீடு. காலேஜ் நேரத்து டவுன் பஸ்ல ஒருத்தர் பெரிய மூட்டையோட உள்ளே ஏறினா, படியில நிக்கறவர் கதி என்ன? குழந்தையோட தலை கீழே இறங்கும்போது குடல்ல மிச்சம் இருக்கறதுக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு, குழந்தையை வெளியே தள்ள உதவற தசையும், நாம தினமும் காலையில முக்கறதுக்குப் பயன்படுத்தற தசையும் ஒண்ணுதான். “மோஷன் போறப்போ முக்குவீங்கள்ல, அதே மாதிரி முக்குங்க”ன்னு நர்ஸ்கள் சொல்லிக் கொடுக்கறது இதனாலதான். அதாவது, முக்கும்போது கொஞ்சம் வெளியே வந்துட்டா, நீங்க சரியா முக்கறீங்கன்னு அர்த்தம்!

இது ரொம்பப் பேருக்கு நடக்கறதுதான். பல அம்மாக்களுக்கு நடந்ததே தெரியாது. தலை அழுத்தற அழுத்தத்துல அந்த இடம் மரத்த மாதிரி ஆகிடும். பக்கத்துல நிக்கற நர்ஸ் ஒரு துணியால துடைச்சு, கீழே விரிச்ச ஷீட்டை மாத்திட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. அவங்களுக்கு இது, பஸ் கண்டக்டருக்குச் சில்லறை மாதிரி. தினப்படி சமாச்சாரம்.

காத்து பிரியறது, வாந்தி வர்றது, உடம்பு கிடுகிடுன்னு நடுங்கறது, கத்தறது, ரத்தம் கலந்த சளி மாதிரி வர்றது, பனிக்குடம் உடைஞ்சு புடவையெல்லாம் நனையறது... எல்லாமே அந்த லிஸ்ட்லதான். நாத்து நட வயல்ல இறங்கினவ, கால்ல சேறு படக்கூடாதுன்னு நினைச்சா நடவு முடியுமா? நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கணுமா என்ன!

இப்போ அக்காவோட திட்டத்துக்கு வர்றேன். வலியில இருக்கற பொண்ணுக்கு ‘அவசரமா மோஷன் வர்ற மாதிரி இருக்கே’ன்னு தோணினா, அது நிஜமா மோஷனா இல்லாம இருக்கலாம். குழந்தையோட தலை இறங்கி மலக்குடலை அழுத்தும்போதும் அச்சு அசலா அதே உணர்ச்சிதான் வரும். நர்ஸும் டாக்டரும் காத்துக்கிட்டு இருக்கற முக்கியமான சிக்னலே அதுதான். அதைச் சொன்னா உடனே பரிசோதிச்சு, கர்ப்பப்பை வாய் முழுசாத் திறந்துருச்சான்னு பார்ப்பாங்க. சொல்லாம பாத்ரூமுக்கு ஓடினா? பாத்ரூம்லயே குழந்தை பிறந்த கதைகள் நிஜமாவே உண்டு. வழுக்கற தரை, பிடிக்க ஆள் இல்லை, கதவு உள்பக்கமா தாழ்ப்பாள். நினைச்சாலே பகீர்னு இருக்கு.

இன்னொண்ணு. ‘வந்துடுமோ’ன்னு பயந்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே முக்கினா, முன்னால தள்ளிக்கிட்டே பின்னால இழுக்கற கதைதான். சக்தி வீணாகும், நேரம் இழுக்கும். களைச்சுப் போறது அம்மா மட்டுமில்ல, உள்ளே இருக்கற குழந்தையும்தான்.

நனைஞ்ச விஷயமும் அப்படித்தான். ‘ஐயோ, ஒண்ணுக்குப் போயிட்டேன் போல’ன்னு நினைச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம பாவாடையை மாத்திக்கிற பெண்கள் இருக்காங்க. அது பனிக்குட நீரா இருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் வந்தாச்சு. நிறம் தெளிவாவோ, லேசான வெளிர் மஞ்சளாவோ இருக்கணும். பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா குழந்தை உள்ளேயே மோஷன் போயிருக்குன்னு அர்த்தம். கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பார்த்தீங்களா, எதை வெட்கப்பட்டு மறைக்கிறோமோ அதுதான் டாக்டருக்கு முதல்ல தெரிய வேண்டிய தகவல்.

‘அப்போ வயித்தை முன்கூட்டியே சுத்தம் பண்ணிட்டா?’ன்னு கேட்கத் தோணும். முன்னெல்லாம் பல ஆஸ்பத்திரிகள்ல பிரசவத்துக்கு வந்ததும் எனிமா கொடுக்கறதும், ஷேவ் பண்றதும் சடங்கு மாதிரி நடந்தது. எனிமா கொடுத்தா தொற்று குறையும்னு நம்பினாங்க. ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பார்த்தப்போ சொல்லிக்கிற மாதிரி லாபம் எதுவும் தெரியல. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதல், இந்த ரெண்டையும் எல்லாருக்கும் வழக்கமாச் செய்ய வேண்டாம்னே சொல்லுது. சிக்கல் இல்லாத பிரசவத்துல வலியின்போது தண்ணி, ஆகாரம் எடுத்துக்கலாம்னும் அதே வழிகாட்டுதல் சொல்லுது. ஆபரேஷன் தேவைப்படலாம்னு டாக்டர் ‘சாப்பிடாதீங்க’ன்னு சொன்னா மட்டும் அதைக் கேட்டுக்கணும். அதனால அக்கா பட்டினி கிடக்க வேண்டாம். மணிக்கணக்கா உழைக்கப் போற உடம்பு அது. வீட்டுப் பெரியவங்க சொல்றாங்களேன்னு விளக்கெண்ணெயை மடக்குன்னு குடிக்கிற வேலையும் டாக்டரைக் கேட்காம வேண்டாம். அது நேரங்கெட்ட நேரத்துல வலியைக் கிளப்பி விடலாம்.

சரி, திட்டு விழுமேன்னு பயப்படறாளே, அதுக்கு என்ன பதில்? பொய் சொல்ல மாட்டேன். பிரசவ அறையில கேட்கக் கூடாத பேச்சைக் கேட்ட அம்மாக்கள் நம்ம வீடுகள்லயே இருக்காங்க. என் அத்தை ஒருத்தங்க முப்பது வருஷம் கழிச்சும் வலியை மறந்துட்டாங்க, அந்த ஒரு வார்த்தையை மறக்கல. அது தப்புதான். ‘அங்கெல்லாம் அப்படித்தான்’னு நாம விட்டுடக் கூடாது. பிரசவத்துக்கு வர்ற பெண்ணை அவமானப்படுத்தறது அவளோட உரிமையை மீறற செயல்னு உலக சுகாதார நிறுவனம் 2014-லயே அறிக்கை விட்டது. பிரசவ அறைகளோட தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த ‘லக்‌ஷ்யா’ திட்டத்துல மரியாதையான கவனிப்பும், மறைவுக்குத் திரை போடறதும் சேர்ந்தே இருக்கு. ஆக, மரியாதையா நடத்தச் சொல்லிக் கேட்கறது நம்ம உரிமை.

தங்கச்சி, இந்த இடத்துல உங்க ஊர் கோயில் கதையை அக்காவுக்கு ஞாபகப்படுத்து. செஞ்சடையப்பர் கோயிலுக்குத் தாடகையீச்சரம்னு பேரு வரக் காரணமான தாடகை. ராமாயணத்து தாடகை இல்ல, இவங்க தினமும் சாமிக்குப் பூமாலை சாத்தின பக்தை. ஒருநாள் ரெண்டு கையிலயும் மாலையைத் தூக்கினப்போ சேலை நழுவுது. முழங்கையால இடுக்கிப் பிடிக்கிறாங்க. மாலையை விடவும் மனசில்ல, சேலையை விடவும் முடியல. தவிச்சு நிக்கறப்போ சாமி என்ன பண்ணார்? ‘முதல்ல சேலையைச் சரி பண்ணிட்டு வா’ன்னு சொல்லல. தலையைச் சாய்ச்சு மாலையை வாங்கிக்கிட்டார். சாய்ஞ்ச லிங்கத்தை ராஜாவோட யானைகள் இழுத்தும் நிமிர்த்த முடியல. கடைசியில குங்குலியக்கலய நாயனார் தன் கழுத்துல கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார்னு பெரியபுராணம் சொல்லுது.

அந்தக் கோயிலைச் சுத்தி விளையாடி வளர்ந்த பொண்ணு, சேலை நழுவறதுக்கு இவ்வளவு பயப்படலாமா? கையில பெரிய வேலை இருக்கும்போது நழுவறது நழுவத்தான் செய்யும். குனிய வேண்டியது எதிர்ல நிக்கறவங்க. லேபர் வார்டுல வேலை பார்க்கிற பெரும்பாலான நர்ஸம்மாக்கள் ராப்பகலா அப்படிக் குனிஞ்சுதான் நிக்கறாங்க. அவங்களுக்கு ஒரு நன்றியும் சொல்லிடுவோம்.

நம்ம காவிரிக்கரையில இன்னொரு கதையும் உண்டு. ஆத்துல வெள்ளம் வந்து, பிரசவ வலியில இருந்த மகளைப் பார்க்க வர முடியாம அம்மா அக்கரையில மாட்டிக்கிட்டாங்க. சிவபெருமானே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பார்த்தார்னு திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை. அந்த நேரத்துல நம்மளைத் தெரிஞ்ச ஒரு முகம் பக்கத்துல வேணும்னு நம்ம முன்னோருக்குத் தெரிஞ்சிருக்கு. இதைத்தான் இப்போ ‘பிரசவத் துணை’ன்னு சொல்றாங்க. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல 2004-லயே இந்தத் திட்டம் வந்தது. மத்திய அரசும் 2016-ல் நாடு முழுசுக்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. துணைக்கு வர்றவங்க, முடிஞ்சவரை ஏற்கெனவே பிரசவ அனுபவமுள்ள பெண் உறவினரா இருக்கணும், தொற்று நோய் எதுவும் இருக்கக் கூடாது, சுத்தமான உடை போட்டிருக்கணும், டாக்டர் வேலையில குறுக்கிடக் கூடாது. அதனால தங்கச்சி, உனக்கு இப்போ சான்ஸ் கம்மி! அம்மாவோ சித்தியோ போகட்டும். துடைக்கிறப்போ கையைப் பிடிச்சுக்க ஒருத்தர் இருந்தாலே பாதிக் கூச்சம் ஓடிடும்.

அக்கா இப்பவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த செக்கப்புக்குப் போறப்போ, ‘எனக்கு இப்படி ஒரு பயம் இருக்கு’ன்னு நர்ஸ்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். பிரசவத் துணையை அனுமதிப்பாங்களான்னு அன்னைக்கே கேட்டு வெச்சுக்கணும். வலி வந்து அட்மிட் ஆன பிறகு பாத்ரூம் போகணும்னா சொல்லிட்டு, துணையோட போகணும். மூத்திரத்தை அடக்கவே கூடாது. பை ரொம்பிக் கிடந்தா குழந்தை இறங்கற வழியை அது அடைச்சுக்கும்.

பிரசவத்துக்கு அப்புறமும் ஒரு வெட்கம் காத்துக்கிட்டு இருக்கு. தையல் பிரிஞ்சுடுமோன்னு பயந்து மோஷன் போகாம அடக்கறது, ‘பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு போடும்’னு வீட்டுல தண்ணியைக் குறைக்கறது. ரெண்டும் சேர்ந்தா மலச்சிக்கல்தான் மிச்சம். தண்ணி, கீரை, பழம் தாராளமா வேணும். இருமினா, தும்மினா, சிரிச்சா ரெண்டு சொட்டு மூத்திரம் கசியறதும் பலருக்கு வர்றதுதான். இடுப்புக்கு அடியில இருக்கற தசையை இறுக்கித் தளர்த்தற கெகல் பயிற்சியை நர்ஸ்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டா பெரும்பாலும் சரியாகிடும். ஆனா மூத்திரம் ஓயாம ஒழுகினாலோ, மோஷனைக் கட்டுப்படுத்த முடியலைன்னாலோ, உடனே டாக்டர்கிட்ட போகணும். அதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு. ‘பிள்ளை பெத்தா இப்படித்தான்’னு வருஷக்கணக்கா துணியை மடிச்சு வெச்சுக்கிட்டு, கல்யாணம் காட்சிக்குப் போகாம வீட்டுக்குள்ளயே முடங்கின பெண்கள் நிறைய. வெட்கம் அவங்களுக்கு என்ன சம்பாதிச்சுக் கொடுத்தது, சொல்லுங்க?

ராத்திரி சந்தேகம் ஏதாவது வந்தா 104-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

தங்கச்சி, இன்னைக்குச் சாயங்காலம் இந்தப் பக்கத்தை மொட்டைமாடிக்கு எடுத்துக்கிட்டுப் போ. அக்காவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு. அவ சிரிக்கணும். சிரிச்சு முடிச்சதும் கீழே கூட்டிக்கிட்டுப் போய், அம்மா செஞ்சு வெச்சிருக்கறதை வயிறு நிறையச் சாப்பிட வை. குழந்தை பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. பேரு போட வேணாம், ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லு. நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்போம்!