கல்யாணப் பெண்ணின் காலுக்கும் ஒரு புரூஃப் பாருங்கள்



வைகாசி முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த மாதம் எனக்கு வந்த பத்திரிகைகள் ஏழு. அதில் நான்கு என்னிடம் அ, ஆ எழுதிப் பழகிய பெண்பிள்ளைகளுடையவை. எல்லாரும் நல்லா இருங்க கண்ணுகளா. ஆசீர்வாதத்தோடு ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். செருப்பு விஷயம். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

நம்ம பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை எப்படித் தயாராகிறது? சிவகாசிக்குப் போய் மாடல் பார்த்து, பெரியப்பா பெயர் விட்டுப்போச்சா, தாய்மாமன் பெயரில் இனிஷியல் சரியா என்று மூன்று முறை புரூஃப் பார்க்கிறோம். பட்டுக்கு இரண்டு நாள் அலைகிறோம். ரவிக்கைக்கு ஆரி வேலை, அதற்கு இரண்டு தடவை அளவு. செருப்புக்கு? முந்தின நாள் சாயங்காலம் தம்பியை பைக்கில் விரட்டுகிறோம். "அக்காவுக்கு ஆறாம் நம்பர், கோல்டு கலர், நல்ல ஹைட்டா பாத்து வாங்கிட்டு வாடா." அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். மணப்பெண்ணின் செருப்பைக் கடைசியில் வாங்காதீர்கள், முதலில் வாங்குங்கள். போட்டோவைப் பார்த்து வாங்காதீர்கள், அவள் காலைப் பார்த்து வாங்குங்கள்.

முகூர்த்தத்தில் பிரச்சினை இல்லை. அம்மி மிதிக்கும்போதும் மணவறையைச் சுற்றும்போதும் வெறுங்கால்தான். நம் முன்னோர் அந்த மட்டும் பெண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். சிக்கல் ரிசப்ஷனில். லெஹங்காவோ கவுனோ கனமான பட்டோ உடுத்தி, பென்சில் ஹீல்ஸ் மாட்டி, மூன்று மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். பின்னால் ராஜா ராணி சோபா இருக்கும். உட்கார விடமாட்டோம். ஒரு குடும்பம் இறங்கும்போதே அடுத்த குடும்பம் ஏறிவிடும்.

2021-ல் நம் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று கொண்டுவந்தது. நாள் முழுக்க நின்றபடி புடவை எடுத்துப் போடும் பெண்களின் கால்வலி சட்டமன்றம் வரை போய்ச் சேர்ந்தது. அதே கடையில் புடவை எடுத்த மணப்பெண்ணின் கால்வலி மட்டும் அவள் அம்மா காதுக்குக்கூட எட்டுவதில்லை. என் மாணவிகளில் பலர் துணிக்கடையில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நம்ம கால் வேறு, கடையில் இருக்கிற செருப்பு வேறு. இன்றும் நாம் வாங்குவது பெரும்பாலும் இங்கிலாந்து அளவு. வெள்ளைக்காரன் போனபின்னும் அவன் அளவு போகவில்லை. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பியர் பாதத்தை விட அகலம் என்று தெரிந்தது. 'பா' என்ற பெயரில் நமக்கென்று ஒரு அளவு முறையை அவர்கள் உருவாக்கியதே அதனால்தான். 'பாரத்' என்பதன் முதல் எழுத்து அது.

இது நமக்குப் புதுச் செய்தியா? வெறுங்காலோடு கரிசல் மண்ணில் ஓடி வளர்ந்த கால்கள் நம்முடையவை. உங்களில் எத்தனை பேருடைய அம்மாக்கள் பட்டாசு ஆலைக்குப் போனவர்கள்! மருந்து இருக்கிற அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உராய்வில் ஒரு பொறி போதுமே. அப்படி வெறுங்காலோடு உழைத்துச் சேர்த்த காசில் நடக்கிற கல்யாணத்தில், மகளின் அகன்ற பாதத்தை ஊசிமுனைச் செருப்புக்குள் திணிக்கிறோம். விரல் நெருக்குகிறது என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால், அகலம் சரியாகிவிடும், ஆனால் குதிகால் கழன்று கழன்று வரும். மேடைப் படியில் தடுக்கி விழுவது அப்படித்தான்.

"ஒரு நாள்தானே டீச்சர், பொறுத்துக்கலாம்" என்பார்கள். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் அக்கினிச்சட்டி ஏந்தி வெயிலில் வெறுங்காலோடு நடக்கிற பெண்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். வலி தாங்கத் தெரியாதவர்கள் அல்ல. ஆனால் அது அவர்களே மனதார நேர்ந்துகொண்டது. இது யாருக்கு நேர்ந்துகொண்டது?

ஒரு நாளோடு முடிவதும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பெண், ரிசப்ஷன் முடிந்து காலில் இரண்டு கொப்புளத்தோடு மாமியார் வீட்டுக்குப் போனாள். மறுநாள் மறுவீட்டு அழைப்பு. அவள் நொண்டி நடந்ததைப் பார்த்து, "கால்ல ஏதும் குறை இருக்குமோ" என்று ஒரு பெரியம்மா கேட்டே விட்டார். புதுப் பெண் வாய் திறந்து "செருப்பு கடிச்சிருச்சு" என்று சொல்ல முடியவில்லை. வலியை மறைத்துச் சிரிக்க வேண்டும் என்ற பாடத்தை முதல் நாள் மேடையிலேயே நாம் நடத்திவிட்டால், நாளைக்கு இதைவிடப் பெரிய வலி வரும்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். என் கவலையே அதுதான்.

"மாப்பிள்ளை உயரம் டீச்சர், போட்டோவுல பொண்ணு குட்டையாத் தெரியும்" என்பது அடுத்த வாதம். வெள்ளை உடையில் மணப்பெண் என்ற வழக்கத்தை உலகமெங்கும் பரப்பியது விக்டோரியா மகாராணியின் 1840-ஆம் ஆண்டுத் திருமணம். அந்த அம்மாவின் உயரம் சுமார் ஐந்தடிதான். அன்று அவர் அணிந்தது ஹீல்ஸ் இல்லாத, தட்டையான வெள்ளை சாட்டின் காலணி. வெள்ளைப் புடவையோ கவுனோ உடுத்தப்போகும் நம் கிறிஸ்தவப் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். மகாராணிக்கே தட்டைச் செருப்பு போதுமென்றால் நமக்குப் போதாதா?

ஹீல்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. தினமும் போட்டுப் பழகியவள், ஆசைப்பட்டால் தாராளமாகப் போடட்டும். ஆனால் இவற்றை மட்டும் மறக்காதீர்கள்:

1. செருப்பைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். நம்ம ஊர் வெக்கையில் பொழுது சாயும்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரிசப்ஷன் நேரத்துக் காலும் அதுதான். பெண்ணே நேரில் போய், இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள் நடந்து பார்க்க வேண்டும்.

2. உயரம் வேண்டுமென்றால் குதிகால் அகலமான பிளாக் ஹீல்ஸ். இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். குதிகால் உயர உயர உடல் பாரம் எல்லாம் முன்பாதத்தில்தான் இறங்கும். பென்சில் ஹீல்ஸ் மேடைப் பலகையின் இடுக்கில் மாட்டும், புல்தரையில் புதையும்.

3. காலையில் தாலி கட்டி, மாலையில் ரிசப்ஷன் என்றால் காலில் புது மெட்டி இருக்கும். முன்பக்கம் மூடிய செருப்பு மெட்டியை அழுத்தி விரலைப் புண்ணாக்கும். விரல் தெரிகிற மாதிரி, பின்னால் வார் உள்ளதாகப் பாருங்கள்.

4. செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றபடிதான் லெஹங்காவுக்கும் கவுனுக்கும் நீளம் பார்க்க வேண்டும். உடுப்பை முதலில் தைத்துவிட்டு, அது தரையில் புரளாமல் இருக்க ஹீல்ஸ் தேடுவது தலைகீழ்ப் பாடம்.

5. ஒரு வாரம் முன்பே வீட்டில் தினம் அரைமணி நேரம் போட்டு நடங்கள். கடிக்கிற செருப்பு வீட்டிலேயே கடித்துவிடட்டும்.

மாப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் அரைமணிக்கு ஒரு தடவை "கொஞ்சம் உக்காருவோம்" என்று நீங்களே முதலில் உட்காருங்கள். அவள் கேட்கமாட்டாள். நீங்கள் உட்கார்ந்தால் ஊர் ஒன்றும் சொல்லாது. கூட நிற்கும் மதினிமார், நாத்தனார்மார் ஒரு தட்டைச் செருப்பைப் பையில் வைத்திருங்கள். நீளப் பாவாடைக்குள் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

வரிசையில் நிற்கிற நாமும் நான்கு போட்டோவுக்குப் பதில் ஒன்றோடு இறங்கிவிடலாம்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இதைப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் மேடையேறப்போகும் என் செல்லங்களே, நல்லா நடந்து, நல்லா நின்று, தோணும்போது உட்கார்ந்து, நூறாண்டு வாழுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்