பானை உடைஞ்சதுக்கு யார் காரணம்?

காலேஜ் பொங்கல் விழாவுல எங்க டிபார்ட்மென்ட் அடுப்புல வச்ச பானை பட்டுனு விரிஞ்சு, பால் முழுக்க நெருப்புல கொட்டினது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். "குவாலிட்டி கன்ட்ரோலே இல்லப்பா"ன்னு ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அதுதான் இன்னும் உறுத்துது. ஏன்னா என் தாத்தா பானை செய்யறவர். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல இப்பவும் செய்யறார். நாலு வருஷமா கூடப் படிக்கிறவங்க யாருக்கும் இது தெரியாது. ஊர்ல என்ன பண்றாங்கன்னு கேட்டா "ஃபார்மிங்"னு சொல்லிடுவேன்.

முதல்ல அந்தப் பானை விஷயத்தை முடிச்சுடறேன். அது செஞ்சவர் தப்பு இல்லை. காலையில வாங்கின புதுப் பானைக்கு பெயின்ட் அடிச்சு, கொழுந்துவிட்டு எரியற அடுப்புல காலியா ஏத்தினோம். அது நல்லா சூடேறினதும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாலை ஊத்தினோம். புதுப் பானையைப் பழக்கணும். ஒரு ராத்திரி தண்ணியில ஊறணும், அப்புறம் கஞ்சி ஊத்தி இளந்தீயில காயணும். கஞ்சியில இருக்கற ஸ்டார்ச் நுண்துளைகளை அடைக்கும். 'தெர்மல் ஷாக்'னா என்னன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு பதில் எழுதி பாஸ் ஆனவங்கதான் நாம அத்தனை பேரும்.

மண்பானைன்னாலே நமக்கு ரெண்டு விதமான பேச்சுதான் வரும். ஒண்ணு அந்தச் சிரிப்பு. இன்னொண்ணு "அழிந்துவரும் நமது பாரம்பரியக் கலை"ங்கற மேடைப் பேச்சு. எனக்கு ரெண்டாவதுதான் அதிக எரிச்சல். கலைன்னு சொல்லிட்டா பாராட்டிட்டுப் போயிடலாம். தொழில்னு சொன்னாதான் மண் எங்கே, விறகு எவ்வளவு, விலை என்னன்னு கேட்க வேண்டி வரும்.

அந்தப் பானைக்குள்ள இன்ஜினியரிங்கும் இருக்கு. தாத்தா ஏரி வண்டலையும் செம்மண்ணையும் கலந்து, சலிச்ச மணல் சேர்ப்பார். சமைக்கிற சட்டிக்கு மணல் கூட, தண்ணிப் பானைக்கு வேற கணக்கு. "சட்டி நெருப்புல மூச்சு விடணும் கண்ணு" அப்படிங்கறது அவர் விளக்கம். நம்ம பாடத்து மொழியில சொன்னா, மணல் துகள்கள் விரிசலைப் பரவ விடாம நிறுத்துது. அடி உருண்டையா இருக்கறதுக்கும் காரணம் இருக்கு. மூலை இருந்தா ஸ்ட்ரெஸ் அங்கதான் போய்ச் சேரும். ஆனா சக்கரத்துல இருந்து வர்றது அடி தடிச்ச ஒரு உருவம் மட்டும்தான். அதை நூல் வச்சு அறுத்து எடுத்து, பாதி காஞ்சதும், உள்ள ஒரு உருண்டைக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு வெளிய மரக்கட்டையால தட்டித் தட்டிதான் பானைக்கு வயிறு வருது. சத்தத்தை வச்சே எந்த இடம் தடிப்புன்னு கண்டுபிடிக்கணும். எங்க வீட்டுல இந்த வேலை ஆயாவோடது.

சூளையும் அப்படித்தான். குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸ்ல அமைப்பு மாறி சட்டுனு பெருக்கும்னு நாம படிச்சோம். தாத்தாவுக்கு அந்த நம்பர் தெரியாது. முதல்ல வெறும் புகை போற அளவுக்கு இளந்தீ, மிச்ச ஈரமெல்லாம் போனப்புறம்தான் முழுத் தீ. அவசரப்பட்டா உள்ளேயே வெடிச்சிடும்னு அவருக்குத் தெரியும். நம்ம மாவட்டத்துல பெரும்பாலையில 2022-ல தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டினப்போ கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைச்சுது. காத்து படாத உள்பக்கம் கறுப்பு, காத்து பட்ட வெளிப்பக்கம் சிவப்பு. ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி ஒரே பாத்திரத்துல ரெண்டு நிறம் வரவச்சிருக்காங்க.

சரி, தொழிலா பார்ப்போம். மழை பெய்ஞ்சா பானை காயாது, சூளை எரியாது, மண் எடுக்கற ஏரியும் நிரம்பிடும். ஆனா அகல் விளக்கு விக்கிற கார்த்திகை சரியா அந்த மழையிலதான் வருது. அதனாலதான் நல வாரியத்துல பதிஞ்ச மண்பாண்டத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமா அரசு 5,000 ரூபாய் தருது. ஒரு மழைக்காலம் முழுக்க அதை வச்சு ஓட்டணும். 2024-ல இருந்து ஏரி மண்ணை வட்டாட்சியர் அனுமதியோட இலவசமா எடுத்துக்கலாம். நல்ல விஷயம், அதுக்கு முன்னாடி அலைச்சல் இன்னும் அதிகம். ஆனா டிராக்டர் வாடகை இலவசம் இல்லையே. பொங்கல் பரிசுத் தொகுப்போட ஒரு பானையும் அடுப்பும் சேர்த்துக் கொடுங்கன்னு மண்பாண்டத் தொழிலாளர் சங்கங்கள் வருஷா வருஷம் கேக்குது. அதைவிட எளிமையான கோரிக்கை எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை.

நம்ம பக்கம் பார்த்தா, இந்த பேட்ச்ல மட்டும் மூணு ஸ்மார்ட் டஸ்ட்பின் ப்ராஜெக்ட் இருக்கு. விறகைக் குறைக்கிற சின்ன சூளைன்னு ஒண்ணுகூட இல்லை. என்னோடதும் ஸ்மார்ட் இரிகேஷன்தான், யாரையும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

இனி நான் நிஜமா சொல்ல வந்தது. "இந்தத் தொழிலுக்கு வாரிசே இல்லை"ன்னு எல்லாரும் சொல்றாங்க, தாத்தாவும் சொல்றார். அவர் சொல்ற வாரிசு, பையன். எங்க அப்பா ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டார், அதோட கணக்கு முடிஞ்சுது. மண்ணை மிதிக்கறது, தட்டறது, தேய்க்கறது, காய வைக்கறது, சந்தைக்குத் தலையில சுமந்துட்டுப் போறது எல்லாம் ஆயா. ஆனா சக்கரத்துல மட்டும் பொம்பளைங்க உக்காரக் கூடாது. ஆப்பிரிக்காவுல மொசாம்பிக், தான்சானியா எல்லையில மகொண்டேன்னு ஒரு மக்கள் இருக்காங்க, மரச் சிற்பத்துக்கு உலகப் புகழ். சிற்பம் அங்க ஆம்பளைங்க வேலை. பானை பொம்பளைங்க வேலை, சக்கரமே இல்லாம முழுப் பானையும் கையாலேயே. அப்போ பானை செய்ய ஆம்பளைதான் வேணும்னு மண்ணு ஒண்ணும் கேக்கலை. பாதிப் பேரை உக்காரவே விடாம, உக்கார ஆள் இல்லைன்னு புலம்பறது என்ன நியாயம்?

"அப்போ நீ போய்ச் செய்யேன்"னு கேப்பீங்க. மாட்டேன். எனக்கு ப்ளேஸ்மென்ட் வந்தாச்சு, ஜூன்ல சென்னை. அதை மறைச்சுட்டு இங்க வீரம் பேசறது சரியில்லை. ஆனா எங்க தெருவுலயே டென்த்தோட நின்ன என் சித்தப்பா பொண்ணு தினமும் ஆயாகூட உக்காந்து தட்டறா. அவளுக்கு இந்தத் தொழில்ல மேல போக வழி இல்லைங்கறதுதான் என் பிரச்சனை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்போ உடைஞ்ச பானை கதையைச் சொன்னேன். தாத்தா கோவிக்கலை, "பச்சப் பாலா ஊத்துனீங்க?"ன்னு மட்டும் கேட்டார். அவர்கிட்ட இப்ப கரன்ட் சக்கரம் இருக்கு. தோள் வலி போச்சுன்னு அவருக்கு அது மேல அவ்ளோ ஆசை. பழைய கல் சக்கரம் திண்ணையோரம் சாத்தி வச்சிருக்கு. அவர் டீ குடிக்கப் போன நேரம் நான் கரன்ட் சக்கரத்துல உக்காந்துட்டேன். மண் ஒரு பக்கமா சாய்ஞ்சு என் மடியில விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தா தாத்தா டம்ளரோட வாசல்ல நிக்கறார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "முழங்கையைத் தொடையில ஊனிக்க"ன்னார்.

ரெண்டாவது தடவையும் சாய்ஞ்சுது. ஆயா கையில இருந்த கட்டையைக் கீழ வச்சுட்டு வந்து, "நகரு"ன்னாங்க.