புல் வெட்டுற மிஷினும் முப்பது வருச அனுபவமும்

போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஒரு நண்பர் தோப்புக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டு, சனி ஞாயிறு மட்டும் வந்து பார்த்துக்கொள்கிறார். ஆன்லைனில் ஒரு பிரஷ் கட்டர் வாங்கியிருக்கிறார். கூடவே வந்த புத்தகத்தையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

"இதுல பாதி எச்சரிக்கைதாங்க. முகமூடி, காது மூடி, பூட்ஸு, கையுறை, தோள் பெல்ட்டு, பக்கத்துல 15 மீட்டருக்கு ஆளே இருக்கக் கூடாதாம். நெஜமா இதையெல்லாம் யாராச்சும் பண்றாங்களா? நீங்க அனுபவஸ்தர். எது வேணும், எது வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

மூணு வருசத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் டக்குன்னு சொல்லியிருப்பேன். பெல்ட் மட்டும் மாட்டிக்கோங்க, மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் கேஸுக்குப் பயந்து எழுதறது என்று. இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு தூக்குப்போசியை எடுத்து வந்து காட்டினேன். எவர்சில்வர் போசி. அதன் வயிற்றில் ஒரு பள்ளம் இருக்கிறது, நெல்லிக்காய் அளவுக்கு.

பிரஷ் கட்டர் பார்க்காதவர்களுக்காக: ஒரு நீளமான குழாய். ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின், இன்னொரு முனையில் சுற்றுகிற பிளேடு அல்லது நைலான் நரம்பு. தோளில் மாட்டிக்கொண்டு அரிவாள் வீசுகிற மாதிரி வலமும் இடமும் அசைத்துக்கொண்டே நடக்க வேண்டும். உங்கள் அப்பார்ட்மெண்ட் புல்வெளியிலும் சனிக்கிழமை காலையில் ஒருத்தர் இதை வைத்துக்கொண்டுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பார். பிளேடுக்குப் பின்னால், வெட்டுகிற ஆள் பக்கமாக, பிளாஸ்டிக்கில் ஒரு மறைப்பு இருக்கும். வெட்டும்போது தெறிக்கிற கல்லு, குச்சி எல்லாம் ஆள் மேல் வராமல் தடுப்பது அதுதான்.

அதை நான் கழற்றிப் போட்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. சும்மா கழற்றவில்லை. மழை முடிந்து கோரையும் கொடியும் இடுப்பளவு நிற்கும்போது, புல்லெல்லாம் மறைப்புக்கும் பிளேடுக்கும் நடுவில் சுற்றிக்கொள்ளும். பத்து நிமிசத்துக்கு ஒருதரம் நிறுத்தி, குனிந்து, பிய்த்து எடுக்க வேண்டும். மறைப்பு இல்லாவிட்டால் அந்தத் தொல்லை பாதியாகக் குறையும். முகமூடியும் அப்படித்தான். பிளாஸ்டிக் முகமூடி நம்ம வெயிலுக்குக் கால் மணி நேரத்தில் வேர்வையும் ஆவியும் பிடித்துக் கொள்ளும். எதிரே இருப்பது தென்னங்கன்றா களையா என்றே தெரியாது. காது மூடி போட்டால் மேலே மட்டை முறிகிற சத்தம் கேட்காது. தென்னந்தோப்பில் வேலை செய்கிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்டே ஆக வேண்டும்.

இந்தக் காரணங்களில் ஒண்ணுகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

அன்றைக்கு வீட்டுக்காரம்மா மோர் கொண்டு வந்தாள். எனக்குப் பின்னால், இடதுபக்கம், இருபது அடி தள்ளி வந்து நின்றிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. மிஷின் சத்தத்தில் அவள் கூப்பிட்டதும் கேட்கவில்லை. "டங்"குன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் போசியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள்.

"ஏனுங்க, கல்லுங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

போசியை அவள் அடிவயிற்றுக்கு நேராகப் பிடித்திருந்தாள். லீவு விட்டால் பேரன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவான். போசி தொங்குகிற உயரம்தான் அவன் முகம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் மிஷினின் பிளேடு 255 மில்லிமீட்டர் அகலம். முழு வேகத்தில் நிமிசத்துக்கு 7000 சுற்று என்று வைத்துக்கொண்டால், பிளேடின் விளிம்பு நொடிக்கு 90 மீட்டருக்கு மேல் போகிறது. மணிக்கு 330 கிலோமீட்டர். அதில் அடிபட்ட கல் பாதி வேகத்தில் கிளம்பினாலும், இருபது அடியைக் கடக்க நொடியில் எட்டில் ஒரு பங்குதான் ஆகும். ஒன்றைக் கண்ணால் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, கை அசைய நம்ம உடம்புக்குக் கால் நொடி வேண்டும். அதாவது கல் வருவது தெரிவதற்குள் கல் வந்து சேர்ந்துவிடும்.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விசயம் உறைத்தது. நான் அனுபவம் என்று நம்பிக்கொண்டிருந்தது இந்த மிஷினிடம் செல்லாது.

எங்கப்பா மாடு கட்டி உழுதவர். மாடு முட்டப் போகிறது என்றால் முதலில் காதை மடக்கும், வாலை அடிக்கும், மூச்சு மாறும். அதைப் படித்தவனுக்கு விலக நேரம் இருக்கும். மழை வருவதற்கு முன்னால் காற்று மாறும், எறும்பு மேடேறும். கிணற்றுக் கரை சரிவதற்கு முன்னால் மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். இதையெல்லாம் எந்த விதிப் புத்தகமும் சொல்லித்தர முடியாது. விவசாயியின் அனுபவம் என்பது இந்த முன்னறிவிப்புகளைப் படிக்கிற படிப்புதான். அதில் எனக்கு இன்னமும் பெருமை உண்டு.

ஆனால் பிளேடு காதை மடக்காது. இருநூறு தடவை ஒன்றும் ஆகாமல் வெட்டினேன். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது "ஒண்ணும் ஆகாது" என்பதை மட்டும்தான். நாள் ஆக ஆக எனக்குப் பயம்தான் குறைந்தது, ஆபத்து அப்படியே இருந்தது. புதிதாக ஓட்டுகிறவன் பயந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்வான். பழகியவன்தான் ஒவ்வொன்றாகக் கழற்றுவான்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. முக்கியமாகக் கதிரடிக்கிற மிஷினுக்காக வந்த சட்டம். வடக்கே கோதுமை விளைச்சல் கூடி, கதிரடிக்க மிஷின் வந்த காலத்தில், கையால் கதிரை உள்ளே தள்ளியவர்கள் பலபேர் விரலையும் கையையும் இழந்தார்கள். அவர்களெல்லாம் கோதுமை தெரியாதவர்களா? பரம்பரை விவசாயிகள், அனுபவப்பட்ட கூலிக்காரர்கள். கதிர் ஊட்டுகிற வாயை நீளமாக்கி, மேலே மூடியும் போட்டால் கை உருளை வரைக்கும் எட்டாது. இவ்வளவு எளிய விசயம் விதியாக வருவதற்கு அத்தனை கைகள் போக வேண்டியிருந்தது. நாம் "கம்பெனிக்காரன் பயந்து எழுதறது" என்று தள்ளுகிற வரிகளுக்குப் பின்னால் இப்படி யாரோ ஒருத்தர் இருக்கிறார்.

"என் உடம்பு, என் முடிவு. இதுல விதி எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். பதில் அந்த 15 மீட்டரில் இருக்கிறது. முகமூடி போடாமல் போனால் என் கண்ணோடு போகும். மறைப்பைக் கழற்றினால், ஆள் வருவதைப் பார்க்காமல் வெட்டினால், அந்த 15 மீட்டருக்குள் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து நான் முடிவெடுக்கிறேன். மோர் கொண்டு வந்தவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படியானால் சொந்த யோசனைக்கு இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் இடம் மாற வேண்டும். விதியைக் கடைப்பிடிக்கலாமா வேண்டாமா என்பதில் நான் இப்போது மூளையைச் செலவழிப்பதில்லை. நம்ம வெயிலில், நம்ம தோப்பில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதில்தான் செலவழிக்கிறேன்.

பிளாஸ்டிக் முகமூடிக்குப் பதிலாகக் கம்பி வலை முகமூடி வாங்கினேன். காற்று உள்ளே போகும், ஆவி பிடிக்காது. தூசு வரும் என்பதால் அடியில் பாதுகாப்புக் கண்ணாடி. வேலையைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிக்கிறேன். காது மூடியும் மட்டையும் என்கிற சிக்கலுக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் பக்கம் 45 நாளைக்கு ஒரு வெட்டு தேங்காய் இறக்குவோம். மரம் ஏறுகிறவரிடம் சொல்லி, காய்ந்த மட்டையையும் நெற்றையும் சேர்த்து இறக்கிவிடச் சொல்கிறேன். அடுத்த இரண்டு மூணு நாளுக்குள் புல் வெட்டிவிடுவேன். காற்று அடித்தால் அன்றைக்கு வேலை கிடையாது. மிஷின் சத்தம் 100 டெசிபல் பக்கம் வரும். காது போனால் திரும்ப வராது.

மிஷினை எடுப்பதற்கு முன்னால் ஒரு குச்சியோடு இடம் முழுக்க ஒரு நடை நடக்கிறேன். கல்லு, கம்பி, பாட்டில், சொட்டுநீர் டியூப், குளவிக்கூடு. சரளை இருக்கிற வரப்பில் இரும்பு பிளேடைக் கழற்றிவிட்டு நைலான் நரம்பு மாட்டுகிறேன். நரம்பும் கல்லைத் தெறிக்கவிடும், ஆனால் பிளேடு கல்லில் மோதி உதைக்கிற ஆபத்து இல்லை. புல் சுற்றினால் எஞ்சினை அணைத்து, பிளேடு முழுசாக நின்ற பிறகுதான் கை வைக்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டாலும் பிளேடு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

எந்தப் புத்தகத்திலும் தேங்காய் வெட்டு கணக்கு இருக்காது. அதை நான்தான் சேர்க்க வேண்டும். அனுபவத்துக்கு வேலை அங்கேதான்.

இன்னொரு விசயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய பரப்புக்கு நான் ஆள் விட்டுத்தான் வெட்டுகிறேன். வழக்கமாக வருகிற பையன் நல்ல வேலைக்காரன். உள்ளங்கையால் அழுத்தினால்தான் ஆக்சிலேட்டர் வேலை செய்கிற மாதிரி ஒரு லிவர் இருக்கும். தடுக்கி விழுந்தால் கை விட்டுப்போய் எஞ்சின் வேகம் தானாகக் குறைவதற்காக. அதை அவன் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டி வைத்திருந்தான். அவிழ்க்கச் சொன்னேன்.

"அண்ணா, அஞ்சு வருசமா ஓட்டறேன். கை மரத்துப் போகுதுங்கண்ணா. இதையெல்லாம் மாட்டிக்கிட்டு ஏக்கர் கணக்குக்கு வெட்டுனா எனக்கு என்ன நிக்கும்?"

கோபித்துக்கொண்டு போய்விட்டான். பத்து நாள் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது நியாயம். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு விதியையும் கடைப்பிடி என்றால், ஒவ்வொரு விதிக்கும் அவன் கூலியிலிருந்துதான் காசு போகிறது. ஆறு மணி நேரத்தில் முடிகிற ஏக்கர் எட்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தை அவன் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவனாக முடியாது. போன் போட்டு, இனிமேல் மணிக்கணக்குக்குப் பேசிக்கலாம், நடுவில் கை ஓய்வுக்கும் சேர்த்துத்தான் கூலி என்றேன். வந்தான். டியூப்பை அவனே அவிழ்த்தான். எனக்குச் செலவு கூடித்தான் இருக்கிறது. தேங்காய் விலை இறங்குகிற மாசத்தில் அது உறுத்தவும் செய்கிறது. ஆனாலும் அது நான் கொடுக்க வேண்டிய காசுதான்.

தோப்புக்குள் எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்கவாவது ரோட்டில் போலீஸ் நிற்கும். இங்கே என்னைப் பார்த்துக்கொள்ள நான்தான்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. "அப்ப எதுவுமே வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க?" என்றார். ஒன்று சொன்னேன். புத்தகத்தில் இருப்பதைக் குறைக்க என்னிடம் வராதீர்கள், கூட்டுவதற்கு வாருங்கள். உங்கள் நிலத்தில் கல் எங்கே கிடக்கிறது, பக்கத்துக் காட்டுக்காரர் எந்த நேரத்துக்கு ஆடு ஓட்டி வருவார், அதெல்லாம் சொல்கிறேன்.

வர்ற சனிக்கிழமை அவர் முதல் தடவையாக ஓட்டப் போகிறார். நானும் போகிறேன். 15 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.