முச்சந்தியா, நாற்சந்தியா?

பிரசவ வார்டு வாசலில் ஆண்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான். நடப்பது. முப்பது வருஷம் முன்பு என் மனைவி உள்ளே இருந்த பதினாலு மணி நேரத்தில் நான் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை நடந்திருப்பேன், அந்த வராந்தாவிலேயே.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. நர்ஸம்மா எட்டிப் பார்த்து, "தலை கீழேதான் இருக்கு. ஆனா இன்னும் திரும்பலை" என்றார்.

திரும்பலையா? தலை கீழே இருந்தால் போதும், மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்! பக்கத்தில் மாமனார், "எனக்கு அப்பவே தெரியும் மாப்ளே" என்றார். எதைச் சொன்னாலும் அவருக்கு அப்பவே தெரியும்.

"உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க சிஸ்டர்! பணத்தைப் பத்திக் கவலையில்லே!" என்று கத்தினேன். (பையில் இருந்தது எழுநூறு ரூபாய்.)

என்னைப் போல் ஆயிரம் பேரைப் பார்த்தவர் அந்த அம்மாள். "உட்காருங்க தம்பி" என்று பெஞ்சைக் காட்டி விளக்கினார்.

குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு இல்லையாம். பல தகடுகள், நடுவே இடைவெளிகள். உச்சியில் வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு ஓடும். அதன் முன்கோடியில் நாலு கோடுகள் கூடும் நாற்சந்தி. நம் பாட்டிகள் எண்ணெய் வைக்கிற உச்சிக்குழி அதுதான். பின்கோடியில் மூன்று கோடுகள் கூடும் சின்ன முச்சந்தி. டாக்டர் கண்ணால் பார்க்காமல், விரல் நுனியால் தடவியே எந்தச் சந்தி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறார். முச்சந்தி அம்மாவின் முன்பக்கம் இருந்தால், குழந்தை அம்மாவின் முதுகைப் பார்த்துக் குனிந்திருக்கிறது. உத்தமம். வயிற்றைப் பார்த்து நிமிர்ந்திருந்தால்தான் சிரமம்.

தாடை நெஞ்சில் படக் குனிந்த தலைக்குச் சுமார் 9.5 சென்டிமீட்டர் வழி போதும். நிமிர்ந்த தலைக்குச் சுமார் 11.5 வேண்டும். மேனேஜர் ரூமுக்குள் குனிந்து போகிறவனுக்கும் நிமிர்ந்து போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா?

"முக்கால்வாசிக் குழந்தைங்க வலி வர வரத் தானே திரும்பிடும். தலை எவ்வளவு இறங்குது, இதயத்துடிப்பு எப்படியிருக்குன்னு சார்ட்ல குறிச்சிட்டே இருக்கோம். துடிப்பு மாறினாலோ, தலை இறங்காம நின்னாலோ டாக்டரே ஆபரேஷன்னு சொல்லிடுவார். நீங்க கத்த வேண்டாம்" என்றவர், எழுந்திருக்கும்போது கேட்டார்: "இந்த மாதிரி இருந்தா சில பேருக்கு வலியெல்லாம் முதுகிலேதான் வரும். காலையிலேர்ந்து சொல்லிட்டிருந்தாங்களாமே?"

சொன்னாள். "வாயுவா இருக்கும்" என்று தைல பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸ் போயிருந்தேன்.

அன்று பின்னிரவில் குழந்தை தானே திரும்பிப் பிறந்தது. பெண். ஆனால் அந்தத் தைல பாட்டில் இன்னும் என்னை உறுத்துகிறது.

போன மாதம் அதே பெண் பிரசவ வார்டில். வராந்தாவில் நடந்தவர் மாப்பிள்ளை. "தலை திரும்பலையாம் மாமா" என்றார், முகம் வெளுத்து. பெஞ்சில் உட்காரவைத்து முச்சந்தி, நாற்சந்தி எல்லாம் சொன்னேன். நேரமாக ஆகத் தலைத்தோல் வீங்கிச் சந்திகள் விரலுக்குத் தட்டுப்படாமல் போவதும் உண்டு. இப்போது அதற்கும் வழி இருக்கிறது. வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துக் குழந்தையின் கண்குழிகள் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுகிறார்கள். 2018-லேயே சர்வதேச நிபுணர்கள் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை தலையாட்டினார். "அதனாலதான் முதுகு வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாளா? ராத்திரி பூரா பிடிச்சு விட்டேன் மாமா. காலையிலே டாக்டர்கிட்டேயும் சொல்லிட்டேன்."

நான் செய்யாததை அவர் செய்திருக்கிறார். தொண்டை அடைத்தது. நல்ல பையன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கு அப்பவே தெரியும் மாப்ளே!"